டிஆர்-707: 64 பேட்டர்ன் போதாது என்று சொன்ன தம்பிக்கு

கேள்வி, 7 ஜனவரி 2024, மொரீசியஸின் கியூர்பீப்பிலிருந்து

அண்ணா, சித்தப்பா வீட்டுப் பரணிலிருந்து ஒரு ரோலண்ட் டிஆர்-707 டிரம் மெஷின் கிடைத்தது, நன்றாகவே வேலை செய்கிறது. நாங்கள் மூன்று பேர் கல்யாண வீடுகளில் வாசிக்கிறோம்: கீபோர்டு, கிட்டார், பாட்டு. ஒரே மாதத்தில் 64 பேட்டர்னும், அதாவது தாளம் எழுதி வைக்கும் 64 இடமும், நிறைந்துவிட்டது. ட்ராக் வேறு நான்கே நான்குதான். இதை வைத்து ஒரு முழுக் கச்சேரி ஓட்ட முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. மெமரி கார்ட்ரிட்ஜ் எங்காவது கிடைக்குமா, இல்லை வந்த விலைக்கு விற்றுவிடலாமா?

7 ஜனவரி, இரவு

விற்காதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் 1991இல் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் பக்கம் ஒரு ஹோட்டல் பேண்டில் வாசித்தவரிடமிருந்து என்னுடைய 707ஐ வாங்கினேன். அன்றிலிருந்து அதே மெஷின்தான். ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டு முன்னறையில், ஹார்மோனியப் பெட்டிக்கு மேல் இருக்கிறது. 1985இல் வந்த சாதனம் இது. ரோலண்டின் முந்தைய மெஷினான 808இல் எல்லா ஒலியும் உள்ளே இருக்கும் மின்சுற்றிலிருந்து பிறப்பது. 909இல் பெரும்பாலானவை அப்படி, ஹை-ஹாட்டும் சிம்பலும் மட்டும் பதிவு செய்த ஒலி. 707இல் பதினைந்து ஒலியும் பதிவு செய்து சிப்பில் எரித்தவை. மெஷினை அணைத்தாலும் போட்டாலும் அவை எங்கும் போகாது. போகக்கூடியது நாம் எழுதும் தாளம்தான். மெமரி என்று நீ சொல்வது அந்தத் தாளம் தங்கும் இடம்.

அந்த இடம் சின்னது என்று நான் நினைக்கவில்லை. உன்னிடம் ஒரு கேள்வி: உங்கள் கச்சேரியில் மொத்தம் எத்தனை தாளம் இருக்கிறது? எத்தனை பாட்டு என்று கேட்கவில்லை, தாளம். எண்ணிவிட்டு எழுது.

8 ஜனவரி

தம்பி எண்ணிவிட்டார். 31 பாட்டு, தாளம் ஒன்பது. மெஷினில் நிறைந்திருப்பதோ 64. ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் 14 பேட்டர்ன் போட்டிருக்கிறார், ஒவ்வொரு சரணத்துக்கும் ஒரு தனி உருட்டல் (சரணத்தின் முடிவில் வரும் உருட்டு அடி).

ஆக நீ சேமித்து வைத்திருப்பது பாட்டுகளை. தாளத்தைச் சேமித்தால் போதும். இதைத்தான் நான் முப்பது வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம் பாட்டிமார் நூறு பாட்டுப் பாடினார்கள், தாளக்கட்டை ஒரே ஜோடிதான்.

நான் எப்படி வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். 64 பேட்டர்ன் என்பது நான்கு குழு, குழுவுக்கு 16. கீழே வரிசையாக 16 சாவி. சாவி 1 முதல் 8 வரை தாளம். 9 முதல் 16 வரை அதே தாளத்தின் உருட்டல். மூன்றாம் சாவித் தாளத்துக்கு உருட்டல் பதினொன்றில், ஐந்துக்குப் பதின்மூன்றில், அதாவது எப்போதும் எட்டுத் தள்ளி. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது வேறு சாவியை அழுத்தினால், இப்போது ஓடும் பேட்டர்ன் முடிந்த பிறகுதான் அடுத்ததற்குத் தாவும், நடுவில் அறுக்காது. சரணம் முடிய ஒரு சுற்று இருக்கும்போது உருட்டலை அழுத்து, அது ஆரம்பித்ததும் பழைய சாவியை அழுத்து. அவ்வளவுதான். ஒரு வாரம் பழகினால் இடது கை தானாகப் போகும், கண் பாடுகிறவர் முகத்தில் இருக்கும்.

இப்படி வைத்தால் 32 தாளமும் 32 உருட்டலும் கொள்ளும். உனக்குத் தேவை ஒன்பது.

தாளத்தையும் உருட்டலையும் வேறு வேறு குழுவில் வைக்காதே. குழு மாற்ற இன்னொரு சாவி வேண்டும். பாட்டு ஓடும்போது அந்த இன்னொரு சாவிக்கு நேரம் கிடையாது.

8 ஜனவரி, பிறகு

ட்ராக் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்ல மறந்தேன். ட்ராக்கில் தாளம் எதுவும் இல்லை, பேட்டர்ன் எண்கள் மட்டும் வரிசையாக இருக்கும். நான்கு ட்ராக்குக்கும் சேர்த்து 998 அளவு, ஒரு பேட்டர்ன் ஒரு சுற்று ஓடுவது ஒரு அளவு. ஒரு சுற்று இரண்டு விநாடி என்று வைத்துக்கொண்டால் ஐந்து நிமிடப் பாட்டுக்கு 150 அளவு ஆகும், 998இல் ஆறு பாட்டு அடங்கும். இடம் போதும், ட்ராக் எண்ணிக்கைதான் நான்கோடு நின்றுவிடுகிறது. நான் ட்ராக்கில் கல்யாணப் பாட்டை வைப்பதே இல்லை. பாடுகிறவர் சரணத்தை இன்னொரு முறை பாடினால் ட்ராக் காத்திருக்காது. மணப்பெண் வாசலில் நின்றுவிட்டால் பல்லவியை இழுக்க வேண்டும், எந்த ட்ராக்குக்கு அது தெரியும்?

9 ஜனவரி

நம் மொரீசியஸ் ஆட்டப்பாட்டான செகாவுக்கு வருகிறேன், கேட்டவர்கள் அதிகம்.

பலர் 707ஐ வாங்கியதும் 16 கட்டத்தில் செகா போட முயன்று கைவிட்டுவிடுகிறார்கள். செகா மூன்றாக நடக்கும் தாளம், நம் சொல்லில் திஸ்ர நடை. 16ஐ மூன்றால் வகுக்க முடியாது. ஸ்கேல் சாவியை அழுத்திக்கொண்டே போனால் திரையில் கட்டங்கள் 12ஆக மாறும். அதுதான் வேண்டியது: நான்கு அடி, அடிக்கு மூன்று. தகிட தகிட தகிட தகிட. இதைத்தான் முதலில் செய்ய வேண்டும், எழுதிய பிறகு ஸ்கேலை மாற்றினால் எழுதியது எல்லாம் இடம் மாறி நிற்கும்.

நான் வைத்திருக்கும் செகா இது: பேஸ் டிரம் 1, 7. லோ டாம் 3, 4, 9, 10. மிட் டாம் 6, 12. ரிம்ஷாட் 2, 5, 8, 11. செகாவின் தோல் பறையான ரவானின் நடுத் தோலுக்கு லோ டாம், ஓரத்துக்கு ரிம்ஷாட். விதை போட்டு ஆட்டும் பெட்டியான மரவானுக்கு மூடிய ஹை-ஹாட்டைப் பன்னிரண்டு கட்டத்திலும் வைத்தேன்.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். பதினைந்து ஒலி இருந்தாலும் பதினைந்தும் ஒன்றாக ஒலிக்காது. ரிம்ஷாட்டும் கௌபெல்லும் ஒரே வாசல். கைதட்டலும் தம்புரினும் ஒரே வாசல். பேஸ் டிரம் இரண்டும் அப்படியே, ஸ்நேர் இரண்டும், திறந்த ஹை-ஹாட்டும் மூடியதும் அப்படியே. ரிம்ஷாட் விழும் கட்டத்தில் கௌபெல் வைக்க முடியாது. செகாவில் தட்டும் முக்கோணக் கம்பிக்குக் கௌபெல் போடலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

உடன்பிறப்பு டிஆர்-727இல் கபாசா, மராக்காஸ், கொங்கா எல்லாம் இருக்கிறது, மரவானுக்கு அது இன்னும் நெருக்கம். என்னிடம் இல்லை.

9 ஜனவரி, பிறகு

அக்சென்ட், அதாவது அழுத்தம், பற்றி: 707இல் அக்சென்ட் ஒரு ஒலிக்கு மட்டும் விழாது, அந்தக் கட்டத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் விழும். ஏழாம் கட்டத்தில் பேஸ் டிரம் மட்டும் அழுந்த வேண்டுமென்றால் அந்தக் கட்டத்தில் ஹை-ஹாட்டை எடுத்துவிடு.

10 ஜனவரி

தைப்பூசம் 25ஆம் தேதி. வீட்டில் காவடிப் பாட்டு ஒத்திகை நடக்கிறது, அதற்கு 707ஐப் பயன்படுத்தலாமா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

ஒத்திகைக்குத் தாராளமாக வையுங்கள் அம்மா. நாங்களும் விரதம் தொடங்கிய நாளிலிருந்து மாலையில் முன்னறையில் உட்கார்ந்து அதோடுதான் பாடுகிறோம். பிள்ளைகள் ஓடாமல் இழுக்காமல் பாடப் பழகுவார்கள். கோவிலுக்கு நான் எடுத்துப் போகமாட்டேன். கோர் த கார்த் மலைப்படியில் காவடியோடு ஏறுகிறவரின் மூச்சுக்குத்தான் மேளம் போக வேண்டும். அவர் நின்றால் மேளமும் நின்று அவரை ஏற்ற வேண்டும்.

தாளம் போடும் முறை எளிது. ‘லாஸ்ட் ஸ்டெப்’ என்று ஒரு வசதி இருக்கிறது, பேட்டர்ன் எந்தக் கட்டத்தோடு முடிய வேண்டும் என்று சொல்வது. திஸ்ரத்துக்கு மேலே சொன்ன 12. மிஸ்ர சாப்பு, தகிட தகதிமி, ஏழு. ஒவ்வொரு அட்சரத்துக்கும் இரண்டு கட்டம் கொடுத்தால் 14, லாஸ்ட் ஸ்டெப்பை 14இல் நிறுத்துங்கள். அட்சரத்துக்கு நடுவே அரைச் சொல் வைக்க இடம் கிடைக்கும். கண்ட சாப்பு, தக தகிட, ஐந்து, ஆக 10இல் நிறுத்துங்கள். சங்கீர்ணம் ஒன்பது, இரட்டித்தால் 18, கட்டம் பதினாறோடு தீர்ந்துவிடும். அதை 8 ஒன்றும் 10 ஒன்றுமாக இரண்டு பேட்டர்னாக வெட்டி ட்ராக்கில் அடுத்தடுத்து வையுங்கள், தகதிமி எட்டில், தகதகிட பத்தில். ட்ராக்குக்கு நான் கொடுக்கும் வேலை இந்த ஒன்றுதான்.

திரையைப் பாருங்கள். எல்லா வாத்தியமும் ஒன்றன் கீழ் ஒன்றாக, கட்டங்கள் இடமிருந்து வலமாக, கோலப்புள்ளி போல ஒரே பார்வையில் தெரியும். மிஸ்ர சாப்பைச் செவியால் பிடிக்க முடியாத பிள்ளைகூட அந்தப் புள்ளிகளைப் பார்த்து மூன்றும் நான்கும் எங்கே பிரிகிறது என்று விரல் வைத்துக் காட்டிவிடும். என் தங்கை மகள் அப்படித்தான் கற்றுக்கொண்டாள்.

11 ஜனவரி

கியூர்பீப் தம்பி: “நேற்று அணைத்துவிட்டு இன்று போட்டால் ஏழெட்டு பேட்டர்ன் கலைந்திருக்கிறது.”

பேட்டரி. அடியில் இரண்டு ஏஏ பேட்டரி இருக்கும், மூடியைத் திற. மெஷின் அணைந்திருக்கும்போது மெமரி சிப்பை உயிரோடு வைத்திருப்பது அவைதான். மிகக் கொஞ்சமாகத்தான் குடிக்கும், ஆகவே வருடக்கணக்கில் யாருக்கும் நினைவு வராது, நினைவு வரும்போது தாளம் போயிருக்கும். உங்கள் ஊர் ஈரத்துக்குப் பேட்டரி கசிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. கம்பிச்சுருளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடை. ஆல்கலைன் கசிவு காரம், வினிகரின் புளிப்பு அதை முறிக்கும், எலுமிச்சையும் ஆகும். பிறகு ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிடு. உள்ளே பலகை வரை இறங்கியிருந்தால் நீயே சுரண்டாமல் பழுது பார்ப்பவரிடம் கொடு.

மாற்றும்போது மெஷினை ஆன் செய்தே வைத்துக்கொள். ஆன் ஆக இருந்தால் சிப்புக்குச் சுவர் மின்சாரம் போகும், பேட்டரியைக் கழற்றினாலும் எதுவும் அழியாது.

13 ஜனவரி

கேசட்டில் சேமிப்பது பற்றி. பின்பக்கம் டேப் வாசல் இருக்கிறது. மெஷின் தன் மெமரியை இரண்டு சுருதிகளின் கீச்சொலியாக மாற்றி வெளியே அனுப்பும், அதை எதில் பதிவு செய்தாலும் சரி. இன்று கேசட் வேண்டாம், கணினியின் லைன் வாசலில் கொடுத்து வேவ் கோப்பாக வைத்துக்கொள். எம்பி3 வேண்டாம். எம்பி3 மனிதக் காதுக்குத் தேவையில்லாததை எறிந்துவிடும், மெஷினுக்கு அதில் எது தேவை என்று அதற்குத் தெரியாது. தம்பி தன் பதிவை வாட்ஸ்அப் குரல் செய்தியாக எனக்கு அனுப்பியிருக்கிறார், அது ஏறவே ஏறாது. ஆவணமாக இணைத்து அனுப்பு.

இன்னொன்று, சேமித்ததும் வெரிஃபை செய். பதிவைத் திருப்பி மெஷினுக்குப் போட்டுக் காட்டினால், உள்ளே இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று சொல்லும். ஒலி அளவு குறைந்தாலும் பிழை, கூடினாலும் பிழை. முக்காலில் வைத்து, ஏறாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்.

14 ஜனவரி

புயல் நெருங்குகிறது. ஜன்னல்களுக்குப் பலகை அடித்தாயிற்று. மெழுகுவர்த்தி, ரொட்டி, தண்ணீர் எல்லாம் வாங்கிவிட்டோம். இந்தப் பேச்சு வந்ததால் என் 707இன் பேட்டரியையும் இப்போதே மாற்றிவிடுகிறேன்.

17 ஜனவரி

இணையம் இன்று காலைதான் வந்தது. பெலால் புயலில் 15ஆம் தேதி போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருவில் மரம் விழுந்தது, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, முருகன் புண்ணியம்.

11ஆம் தேதி நான் எழுதியதைத் திருத்த வேண்டும், தயவுசெய்து எல்லோரும் படியுங்கள்.

ஞாயிறு மாலை மெஷினை ஆன் செய்து, அடிமூடியைத் திறந்து, பேட்டரி இரண்டையும் எடுத்தேன். ஒரு சுருளில் பச்சை பூத்திருந்தது. பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். காற்று ஒரு முறை ஓட்டைத் தூக்கிப் போட்டது, மின்சாரம் போனது. இரண்டு விநாடிகூட இருக்காது, விளக்கு மறுபடி எரிந்தது. மெஷினும் திரும்ப ஆன் ஆனது. திரையில் நான் ஒருபோதும் எழுதாத புள்ளிகள் தாறுமாறாகக் கிடந்தன. ஏ குழு, பி குழு, எல்லாச் சாவியும் பார்த்தேன். முப்பத்திரண்டு வருடத்துப் பேட்டர்ன்கள்.

ஆன் செய்து மாற்று என்பது தவறில்லை. அதை மட்டும் சொன்னதுதான் தவறு. முதலில் டேப் சேமிப்பு, பிறகு வெரிஃபை, அதற்குப் பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும், வானம் தெளிவாக இருக்கும் நாளில். ஒரு பேட்டரி காலியாகி இருந்தாலும் அப்படியே.

சேமிப்பு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, 2021இல் எடுத்தது. எம்பி3 ஆக வைத்திருக்கிறேன், வெரிஃபையும் செய்யவில்லை. நேற்று இரவு பன்னிரண்டு முறை போட்டுப் பார்த்தேன், ஒலி அளவை ஏற்றியும் இறக்கியும். ஏறவில்லை. 13ஆம் தேதி உங்களுக்கு எழுதும்போது என் கோப்பையும் திறந்து பார்த்திருக்க வேண்டும். அது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

17 ஜனவரி, இரவு

நோட்டு கிடைத்தது.

1990களில் பள்ளிப் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் தாளங்களை எழுதி வைக்கும் பழக்கம் இருந்தது. பக்கத்துக்கு ஒரு தாளம். மேலே சொற்கட்டு, கீழே வாத்தியம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, விழும் கட்டத்தில் பென்சிலால் அடர்ந்த புள்ளி. ஒரு மூலையில் எண்ணெய்க் கறை, அம்மா வடை தட்டிக்கொண்டே பாடியதை எழுதிய பக்கம் அது. மொத்தம் 19 தாளம் இருக்கிறது.

குப்பைப் புள்ளிகளை ஒவ்வொரு பேட்டர்னாகத் துடைத்துவிட்டு எழுத ஆரம்பித்திருக்கிறேன். மெஷின் ஓடும்போதே 16 சாவிகளில் கட்டத்தைத் தட்டினால் புள்ளி விழும், மறுபடி தட்டினால் போகும், கண்ணும் காதும் ஒன்றாக வேலை செய்யும். ஒரு தாளத்துக்குப் பத்து நிமிடம்.

18 ஜனவரி

நோட்டில் ஃபிளாமும் ஷஃபிளும் எழுதப்படவில்லை. இரட்டை அடி எங்கே, நடை எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதெல்லாம் போய்விட்டது. நோட்டு வைத்திருப்பவர்கள் பக்க ஓரத்தில் ஸ்கேல், லாஸ்ட் ஸ்டெப், ஷஃபிள், ஃபிளாம், வேகம் ஐந்தையும் எழுதிவிடுங்கள். புள்ளி மட்டும் தாளம் ஆகாது.

19 ஜனவரி

இன்று நடந்ததை நீளமாக எழுதப்போகிறேன், 9ஆம் தேதி எழுதிய செகாவையே இது மாற்றுகிறது.

பெரியப்பா வந்திருந்தார். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. சின்ன வயதில் கடற்கரையோரம் கிரியோல் நண்பர்களோடு ரவான் அடித்தவர். ஆட்டுத்தோல் ரவானை வைக்கோல் நெருப்பில் காட்டி, விரலால் சுண்டி, தோல் இறுகி ஒலி மேலே வரும்வரை பொறுமையாகச் சுற்றிக்கொண்டிருப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மொரீசியஸ் மரபுச் செகா யுனெஸ்கோ பட்டியலில் 2014இல் சேர்ந்தபோது தொலைக்காட்சி முன் கண் கலங்கியவர்.

திரும்ப எழுதிய செகாவைப் போட்டுக் காட்டினேன். ஒரு சுற்று கேட்டார். “அடி சரி. கால் எழும்பவில்லை” என்றார்.

அவரையே மேசையில் தட்டச் சொன்னேன். இடது கை ஒன்றில், வலது கை இரண்டாவதும் மூன்றாவதும். மெஷினோடு சேர்த்துத் தட்டினார். ஒன்று கச்சிதமாக ஒன்றின் மேல் விழுகிறது. இரண்டாவது அடி மட்டும் என் ரிம்ஷாட்டை விடக் கொஞ்சம் தாமதம். தாமதித்து வந்து மூன்றாவதை நெருக்குகிறது. தகிட என்று சமமாக மூன்றாக வெட்டுவது என் வழக்கம். அவர் கை தா...கிட என்கிறது.

சரி, 16 கட்டத்துக்கு மாறிப் பார்ப்போம் என்று, அடிக்கு நான்கு கட்டம் வைத்து 1, 3, 4இல் போட்டேன். இப்போது இரண்டாவது அடி நேர் பாதியில் விழுந்தது. மூன்றாக வெட்டினால் அடியின் நீளத்தில் நூற்றுக்கு 33இல் விழும், நான்காக வெட்டினால் 50இல். பெரியப்பாவின் கை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, வேகம் கூடினால் அந்த இடமும் நகர்கிறது. 16 கட்டத்தைக் கேட்டு அவர் சிரித்தார், “இது பட்டாளம் போகிற நடை” என்றார். ஷஃபிளும் போட்டுப் பார்த்தேன். அது இரண்டிரண்டு கட்டமாகச் சாய்க்கும், மூன்று அடியின் நடுவில் இருப்பதை மட்டும் பிடித்து நகர்த்தத் தெரியாது.

ஒரு மணி நேரம் இதிலேயே போனது. கடைசியில் அவர்தான், “அந்த ரெண்டாவதை மெஷின் ஏன் அடிக்கணும்? நான் இருக்கேனே” என்றார்.

12 கட்டத்துக்கே திரும்பி, ரிம்ஷாட் நான்கையும் எடுத்தேன். ஹை-ஹாட் பன்னிரண்டையும் எடுத்தேன். மிச்சம் பேஸ் டிரம் 1, 7, லோ டாம் 3, 4, 9, 10, மிட் டாம் 6, 12. அவர் மேசையில் தட்ட, மருமகள் ஒரு பிஸ்கெட் டப்பாவில் அரிசியைப் போட்டு மரவான் போல ஆட்டினாள். கால் எழும்பியது. மெஷின் ஒன்றைப் பிடித்துக்கொண்டது, நடுவை அவர் கை எடுத்துக்கொண்டது. கையும் மெஷினும் முரண்படுகிற கட்டம் எதுவும் பேட்டர்னில் இல்லை.

9ஆம் தேதி எழுதிய பேட்டர்ன் தனியாக வாசிப்பவருக்கு ஆகும். பக்கத்தில் ஒரு கை ரவானோ மரவானோ இருந்தால் ரிம்ஷாட்டையும் ஹை-ஹாட்டையும் துடைத்துவிடுங்கள். மரவானுக்கு 727 தேடுகிறவர்களும் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

19 ஜனவரி, பிறகு

இதில் மெமரிக்கும் ஒரு பலன் உண்டு, சாப்பிடும்போது தோன்றியது. என்னிடம் செகா மட்டும் ஏழு பேட்டர்ன் இருந்தது. ஏழும் ரிம்ஷாட்டிலும் ஹை-ஹாட்டிலும்தான் வேறுபட்டன. அவற்றை எடுத்ததும் ஏழும் இரண்டாகிவிட்டன: ஒன்று மெதுவான ஆட்டத்துக்கு, ஒன்று வேகத்துக்கு.

21 ஜனவரி

நேற்று ஒரு நலங்கு வீட்டில் வாசித்தோம். மெஷினில் 19 பேட்டர்ன், உருட்டல் அதில் ஐந்து. மூன்று மணி நேரம் ஓடியது. நான் தேடி இல்லாமல் போனது ஒன்றே ஒன்று: பாடகர் காயா 1980களில் செகாவையும் ரெகேயையும் கலந்து உருவாக்கிய செகேய் நடைக்கு, பேஸ் டிரம் மூன்றாம் அடியில் மட்டும் விழும் ஒரு பேட்டர்ன். பாட்டுக்கு நடுவிலேயே 12 கட்டத்தில் ஏழாவதில் ஒரு புள்ளி வைத்து எழுதிக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை.

முன்பு இருந்தவை எல்லாம் எங்கே போயின என்று இரவில் யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். சில இனி வராது. இறந்துபோன எங்கள் டிரம்மர் ஒரு மாலை மெஷின் ஓடும்போதே ‘டாப் ரைட்’ முறையில் விரலால் தட்டிப் பதிவு செய்த ஒரு உருட்டல் இருந்தது, அதன் ஃபிளாம் எங்கே என்று எனக்கு நினைவில்லை. நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். எதுவும் அவர் விரல் இல்லை.

22 ஜனவரி

போதும் என்று இவ்வளவு உறுதியாகச் சொன்னேனே, அந்த உருட்டலை எப்படிப் போதும் என்பேன் என்று தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. 64இல் 40 வெறும் நகல், அது உண்மை. 64இல் ஒன்று ஒருவருடைய கை, அதுவும் உண்மை. நகலைத் துடைக்கும் முன் எது கை, எது நகல் என்று பார்த்துவிட்டுத் துடை. உன் மெஷினில் சித்தப்பா எழுதியது ஏதாவது மிச்சம் இருக்கிறதா? நீ எழுதாத புள்ளிகள்? துடைத்துவிடாதே, முதலில் சேமி.

26 ஜனவரி

காவடி நல்லபடியாக முடிந்தது. கால் இன்னும் வலிக்கிறது. தங்கை மகள் படி முழுவதும் தாளம் பிசகாமல் பாடினாள்.

தம்பியின் வேவ் கோப்பு ஆவணமாக வந்திருக்கிறது. என் மெஷினில் இப்போதுள்ளதை முதலில் சேமித்து வெரிஃபை செய்துகொண்டேன், வெளியிலிருந்து ஏற்றினால் உள்ளே இருப்பதன் மேல் எழுதிவிடும் என்பதால். பிறகு அவருடையதை ஏற்றினேன். முதல் முறை பிழை, ஒலி அளவை ஒரு கோடு கூட்டியதும் ஏறியது.

டி குழு, சாவி 14. தம்பி, இது நீ எழுதியதா? 12 கட்டம், பேஸ் டிரம் 1இல் மட்டும், ஸ்நேர் இரண்டாவது வகை 6, 9, 12இல், பன்னிரண்டில் ஃபிளாம். மற்ற 63இலும் நீ ஸ்நேர் முதல் வகையைத்தான் தொட்டிருக்கிறாய்.

26 ஜனவரி, இரவு

எழுதவில்லையாம். சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் போட்டுக் காட்டியிருக்கிறார். 1988இல் தன் அண்ணன் கல்யாணத்துக்கு எழுதியது என்றாராம் சித்தப்பா. தம்பியின் அப்பா கல்யாணம் அது.

3 பிப்ரவரி

தம்பியின் மெஷினில் இப்போது 23 பேட்டர்ன். டி-14 அப்படியே இருக்கிறது, நோட்டிலும் எழுதியாயிற்று, ஓரத்தில் ஐந்து விவரமும். கார்ட்ரிட்ஜ் தேடுவதை நிறுத்திவிட்டார். பேட்டரி இரண்டையும் நேற்று மதியம், வெயில் நேரத்தில், வெரிஃபை முடித்த பிறகு மாற்றினார். எல்லாம் அப்படியே இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

மூடியின் உட்புறம் ஒரு துண்டுக் காகிதத்தில் மாற்றிய தேதியை எழுதி ஒட்டு தம்பி. என்னுடையதில் ஒட்டிவிட்டேன்.